கடைப் பலகையும் கடைக்காரர் வாக்கும்



காலையில் நாம் கடையைத் திறந்து விளக்கேற்றி, தராசைத் துடைத்து வைப்பதற்கு முன்பே நம் கடை பேசத் தொடங்கிவிடுகிறது. வாசலுக்கு மேலே இருக்கும் பெயர்ப் பலகை பேசுகிறது. தூணில் சாய்த்து வைத்த சிலேட்டுப் பலகை பேசுகிறது. கம்பெனி சேல்ஸ்மேன் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கரும் பேசுகிறது. நாம் வாயால் சொல்லும் சொல்லை வாடிக்கையாளர் மறந்துவிடலாம். பலகையில் எழுதிய சொல்லோ நாள் முழுதும் நின்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் சாட்சி நமக்கு ஆதரவாக இருக்கிறதா, எதிராக இருக்கிறதா என்பதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பொய்யான விளம்பரம் வாடிக்கையாளரை ஏமாற்றுகிறது என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் அவரை ஏமாற்றுவதற்கு முன்பே அது பக்கத்துக் கடைக்காரரின் வியாபாரத்தைக் கெடுத்துவிடுகிறது. ஒருவர் மில்லில் ஆட்டிய கடலை எண்ணெயைக் ‘கடலை எண்ணெய்’ என்று நேர்மையாக எழுதி விற்கிறார். நாலு கடை தள்ளி இன்னொருவர் அதே டின்னிலிருந்து ஊற்றி, ‘மரச்செக்கு எண்ணெய்’ என்று எழுதிக் கூடுதல் விலைக்கு விற்கிறார். முதலில் நஷ்டப்பட்டவர் யார்? உண்மையை எழுதியவர்தான். ஆகவே விளம்பர விதிகளை நமக்கு எதிராக யாரோ போட்ட விலங்கு என்று எண்ண வேண்டாம். நேர்மையாகக் கடை நடத்துகிறவருக்கு அவை வேலி.

நெய்வேலியில் இடம் யாருடையது?

மற்ற ஊர்களில் உள்ள கடைக்காரருக்கும் நமக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. 1956-இல் தொடங்கப்பட்டு, 2016 முதல் என்.எல்.சி. இந்தியா என்ற பெயரில் இயங்கும் நிறுவனம் தன் ஊழியர்களுக்காகக் கட்டிய நகரியம் இது. இங்கே நகராட்சி இல்லை. சாலை, தெருவிளக்கு, குடியிருப்பு, கடைக் கட்டடம் எல்லாமே நிறுவனத்தின் நகர நிர்வாகத்தின் பொறுப்பு. நகரியக் கடையில் நாம் வியாபாரம் செய்கிறோமே தவிர, சுவர் நம்முடையதன்று. சுவருக்கு முன்னால் உள்ள நடைபாதையும் நம்முடையதன்று.

இதில் சட்டம் என்ன சொல்கிறது? மத்திய அரசு 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களின் இடங்கள், 1971-ஆம் ஆண்டின் பொது வளாகங்கள் (அனுமதியற்ற குடியிருப்போரை வெளியேற்றல்) சட்டத்தின் கீழ் வருகின்றன. அந்தச் சட்டத்தின் 5-ஏ பிரிவை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். உரிய அனுமதி இல்லாமல் அத்தகைய இடத்தின் மீதோ, அதை ஒட்டியோ, அதற்கு முன்னாலோ எந்த அமைப்பையும் நிறுத்தக் கூடாது. சரக்கைப் பரப்பி வைக்கவும் கூடாது என்று அது சொல்கிறது. அதை அகற்றும் அதிகாரம் எஸ்டேட் அதிகாரிக்கு உண்டு. ஆகவே வாசலில் இரும்புச் சட்டம் அடித்துப் பெரிய போர்டு நிறுத்துவதற்கு முன்னால், கடை ஒதுக்கீட்டு ஆணையை எடுத்து அதன் நிபந்தனைகளை ஒரு முறை வாசித்துப் பார்ப்பது நல்லது. அதில் தெளிவில்லாவிட்டால் நகர நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். “வாயால் சரி என்றார்கள்” என்பது நோட்டீஸ் வரும் நாளில் நமக்குக் கை கொடுக்காது.

நகரியத்துக்கு வெளியே உள்ள அன்பர்களுக்கு இடம் சொந்தமாகவே இருக்கலாம். ஆனால் மந்தாரக்குப்பத்தில் கங்கைகொண்டான் பேரூராட்சி, வடலூரில் நகராட்சி என்று அங்கங்கே உள்ளாட்சி அமைப்பு இருக்கிறது. பெரிய விளம்பரப் பலகை நிறுத்த உரிமம் வேண்டும். இந்த விதியைச் சிறு தொந்தரவாக எண்ணுகிறவர்கள் இரண்டு நிகழ்ச்சிகளை மறக்கக் கூடாது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டிய பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் சுபஸ்ரீ கீழே விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி உயிரிழந்தார். 2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகைச் சாரம் சரிந்து, மேலே வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர் மூவர் மாண்டனர். கடலோர மாவட்டத்தில் இருக்கும் நமக்குப் புயற்காற்று புதிதன்று. நாம் கட்டும் பேனர் யார் தலையில் விழும் என்பதை நினைத்துப் பார்த்துத்தான் கயிறு கட்ட வேண்டும்.

பெயர்ப் பலகையில் இருக்க வேண்டியவை

இனிப் பலகைக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளில் 15-ஆவது விதி பெயர்ப் பலகையைப் பற்றியது. பெயர் தமிழில் இருக்க வேண்டும். வேறு மொழியும் எழுதலாம். ஆனால் அது தமிழுக்குக் கீழேதான் வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றும் 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது அரசின் அறிவுறுத்தல். 50 ரூபாயாக இருந்த அபராதத்தை 2,000 ரூபாயாக உயர்த்தப் போவதாக 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது.

நெய்வேலியில் தமிழர் மட்டுமா இருக்கிறார்கள், பல மாநிலத்து ஊழியர்கள் வருகிறார்களே என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் படிக்க ஆங்கிலமோ இந்தியோ எழுதுவதை விதி தடுக்கவில்லை. வரிசையும் அளவும் சரியாக இருந்தால் போதும்.

சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு பெற்றவர்கள் தம் பதிவு எண்ணைப் பெயர்ப் பலகையில் காட்ட வேண்டும். பதிவுச் சான்றிதழையும் கடையில் தெரியும்படி மாட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரர்கள், தாம் அந்தத் திட்டத்தில் வரி செலுத்துபவர் என்பதையும் பலகையில் எழுத வேண்டும். அவர்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்க முடியாது. ஆகவே ‘ஜி.எஸ்.டி. தனி’ என்று எழுதிய அட்டை அவர்கள் கடையில் தொங்கினால் அதுவே தவறான விளம்பரம். உணவுப் பொருள் விற்கும் நாம் எல்லோரும் உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமத்தையும் பார்வையில் படும்படி வைக்க வேண்டும்.

எது தவறான விளம்பரம்?

1986-இல் வந்த பழைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2019-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தவறாக வழிநடத்தும் விளம்பரம் எது என்பதை அது விளக்கியிருக்கிறது. பொருளைப் பற்றிப் பொய்யாக வர்ணிப்பது, பொய்யான உத்தரவாதம் தருவது, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பது ஆகியவை அதில் அடங்கும். கடைசியாகச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். எழுதியது மட்டுமல்ல, எழுதாமல் விட்டதும் குற்றமாகலாம்.

நம் கடைகளில் அடிக்கடி காணும் சில வாசகங்களை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

1. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.’ பாதிக் கடைகளில் இந்தப் பலகை உண்டு. பொருளில் குறை இருந்தால், பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிகம் என்று சட்டம் சொல்கிறது. வாங்கியவர் மனம் மாறித் திருப்பித் தருவது வேறு விஷயம். வண்டு விழுந்த பருப்பைத் திருப்பிக் கொண்டுவந்தவரிடம் இந்தப் பலகையைக் காட்டினால் அது நம்மைக் காப்பாற்றாது. பில் தர மறுத்தாலும் அதே குற்றச்சாட்டுத்தான் வரும்.

2. ‘50 சதவீதம் வரை தள்ளுபடி.’ ‘வரை’ என்ற சொல்லை எறும்பளவில் எழுதி, 50-ஐ யானையளவில் எழுதுகிறார்கள். விளம்பரங்களுக்கென 2022 ஜூனில் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நிபந்தனை இருந்தால் அது விளம்பரத்தின் அதே மொழியில், அதே எழுத்து வகையில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்கிறது. மலிவு விலையைக் காட்டி உள்ளே இழுத்துவிட்டு, ‘அது தீர்ந்துவிட்டது, இதை எடுங்கள்’ என்பது தூண்டில் விளம்பரம். போதுமான சரக்கு இல்லாவிட்டால் ‘இருப்பு உள்ளவரை’ என்று முன்கூட்டியே எழுத வேண்டும்.

3. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.’ இலவசத்தின் விலையை முதல் பொருளின் விலையில் ஏற்றிவிட்டால் அது இலவசமன்று. பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது. அச்சிட்ட விலையை அழித்தோ, மேலே ஸ்டிக்கர் ஒட்டியோ கூட்டக் கூடாது என்பது பொட்டலப் பொருள் விதி.

4. ‘வரி குறைந்தது, விலையும் குறைந்தது.’ 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பூ, பற்பசை முதலியவற்றுக்கு வரி 18-லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தபோது இத்தகைய பலகைகளை வைக்க வேண்டிய தேவை வந்தது. அப்படி எழுதுகிற கடைக்காரர் குறைந்த விலையைப் பில்லிலும் காட்டியாக வேண்டும். பழைய இருப்பு அதிக விலைக்கு வாங்கியது என்பது நம் கணக்கு. வாடிக்கையாளர் படிப்பது பலகையை.

5. ‘சுத்தமான’, ‘இயற்கையான’, ‘பாரம்பரிய.’ இந்தச் சொற்களை விருப்பம்போல் பயன்படுத்த முடியாது. உணவு விளம்பரங்களுக்கான 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இவற்றுக்கு நிபந்தனை விதித்திருக்கின்றன. உணவுப் பொருளைப் பற்றிப் பொய் விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தில் இடமுண்டு.

6. ஊர்ப் பெயர். ஈரோடு மஞ்சளுக்கு 2019-இலும், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இலும், சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ச் சரக்கை மூட்டையில் கொட்டி, மேலே இந்தப் பெயரை அட்டையில் எழுதிக் குத்தி வைப்பது 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்துக்கு விரோதம். எந்த ஊர்ச் சரக்கு என்பதற்குக் கொள்முதல் பில் இருந்தால் எழுதலாம். இல்லாவிட்டால் ‘மஞ்சள்’ என்று எழுதினாலே போதும், விற்பனை நின்றுவிடாது.

சூரணப் பொட்டலமும் சிகரெட் போர்டும்

மளிகைக் கடைக்காரர் அறியாமல் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு.

முதலாவது, மூலிகைப் பொடி. நாவல்கொட்டைப் பொடியோ வெந்தயப் பொடியோ விற்பதில் தவறில்லை. ‘சர்க்கரை நோய் அடியோடு தீரும்’ என்று அட்டை எழுதிய உடனே கதை மாறுகிறது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரப் பரிகாரங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் அட்டவணையில் உள்ள நோய்களுள் நீரிழிவும் ஒன்று. அவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது தண்டனைக்குரிய குற்றம். நோட்டீஸ், லேபிள், மேலுறை எல்லாமே அந்தச் சட்டத்தில் விளம்பரம்தான். ஒருவர் அட்டையை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதை அபராதத் தொகையால் அளக்க முடியாது. அவர் நம் தெருக்காரர். மாதாமாதம் நம்மிடம் சாமான் வாங்குகிறவர்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறோம். மொத்தமாக வாங்கிய பொடியைப் பொட்டலம் போட்டு நம் கடைப் பெயரை அச்சிட்டால், நுகர்வோர் சட்டத்தின் கண்ணில் நாம் உற்பத்தியாளர் ஆகிவிடுகிறோம். பிறர் செய்த பொருளில் தன் முத்திரையைப் பதிப்பவரும் உற்பத்தியாளர் என்பதே அதன் விளக்கம். பொய் விளம்பரத்துக்கு உற்பத்தியாளர் மீது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். ஆகவே நம் பெயர் அச்சாகும் பொட்டலத்தில் என்ன வாசகம் இருக்கிறது என்பதை அச்சகத்துக்காரர் பொறுப்பில் விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது, புகையிலை. ஏஜென்சிக்காரர் விளக்கு போட்ட போர்டை இலவசமாகத் தருகிறார் என்று மாட்டிவிடுகிறோம். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புகையிலை விளம்பரம் தடை செய்யப்பட்டது. விற்கும் இடத்தில் 60-க்கு 45 சென்டிமீட்டர் அளவில் பலகை வைக்கலாம். அதில் எச்சரிக்கை இருக்க வேண்டும். என்ன வகைப் பொருள் கிடைக்கும் என்று மட்டும் சொல்லலாம். பிராண்டு பெயரும் பாக்கெட் படமும் கூடாது, விளக்கும் கூடாது. 18 வயது நிரம்பாதவருக்கு விற்பது குற்றம் என்ற அறிவிப்பும் கட்டாயம். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கவே கூடாது. நகரியத்தில் பள்ளிகள் எத்தனை என்பது நமக்குத் தெரியும். இலவச போர்டைத் தந்தவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சோதனைக்கு வருகிறவர் நம் கடைக்குத்தான் வருவார்.

மனம் புண்படுத்தும் விளம்பரம்

பொது இடங்களை விளம்பரத்தால் அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-இலேயே சட்டம் வந்துவிட்டது. வன்முறையைத் தூண்டுவது, மத உணர்வைப் புண்படுத்துவது, ஆபாசமானது ஆகியவற்றை ஆட்சேபகரமான விளம்பரம் என்று அது வகைப்படுத்துகிறது. இடத்துக்கு உரியவரின் சம்மதமின்றி அடுத்தவர் சுவரில் ஒட்டுவதும் அதன்படி குற்றம். பெண்களை இழிவாகச் சித்திரிக்கும் விளம்பரங்களை 1986-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது.

மளிகைக் கடைக்காரர் இவற்றை எங்கே செய்யப் போகிறார் என்று தோன்றலாம். ஆனால் ‘பக்கத்துக் கடையில் வாங்கி ஏமாறாதீர்கள்’ என்று பேனர் கட்டுகிறவர்கள் உண்டு. இன்னொருவர் சரக்கையோ வியாபாரத்தையோ பொய்யாகத் தாழ்த்திப் பேசுவதும் நுகர்வோர் சட்டத்தில் நியாயமற்ற வணிகம்தான். ஒரே பஜாரில் தோளோடு தோள் உரசிக் கடை நடத்துகிறவர்கள் நாம். அடுத்த கடையில் குறை இருந்தால் சங்கத்தில் சொல்வோம். சுவரில் எழுத வேண்டாம்.

எழுதியது வாக்குதான்

‘விளம்பரம்தானே, யார் அதையெல்லாம் நம்புகிறார்கள்’ என்ற சமாதானம் மிகப் பழையது. 1891-இல் லண்டனில் ஒரு கம்பெனி, தன் புகைப் பந்தை முறைப்படி பயன்படுத்திய பிறகும் இன்புளுயன்சா வந்தால் 100 பவுண்டு தருவதாகப் பத்திரிகையில் அறிவித்தது. கார்லில் என்ற பெண்மணி அதை வாங்கி, சொன்னபடி பயன்படுத்தினார், காய்ச்சல் வந்தது, பணத்தைக் கேட்டார். அது வெறும் விளம்பரப் பேச்சு என்று கம்பெனி வாதாடிப் பார்த்தது. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஊரறிய எழுதிய வாக்கு, நம்பி நடந்தவரைப் பொறுத்தவரை ஒப்பந்தமே என்று தீர்ப்பாயிற்று. இன்றும் சட்டக் கல்லூரி மாணவர்கள் ஒப்பந்தச் சட்டத்தில் படிக்கும் வழக்கு அது.

நம் நாட்டிலும் 2024-இல் பதஞ்சலி நிறுவனத்தின் மருந்து விளம்பரங்கள் பற்றிய வழக்கில், பத்திரிகையில் வந்த மன்னிப்பு அறிவிப்பு விளம்பரங்களின் அளவுக்கு இருக்கிறதா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. மீண்டும் மன்னிப்பு வெளியிட்ட பின், அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் அவமதிப்பு நடவடிக்கை முடிவுக்கு வந்தது. பெரிய கம்பெனிக்குப் பத்திரிகையில் முழுப் பக்கம் வாங்கி மன்னிப்புக் கேட்க வசதி உண்டு. நமக்கு இருப்பது ஒரு கடை, ஒரு வாசல். இங்கே ஒரு வட்டத்தில் நடந்தது ஷிப்டு மாறுவதற்குள் அடுத்த வட்டத்துக்குத் தெரிந்துவிடும்.

இன்றிரவு செய்ய வேண்டியவை

கடை சாத்துமுன் அன்பர்கள் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் ஒதுக்கி வாடிக்கையாளரைப் போல் தெருவில் நின்று தம் கடையைப் பார்க்க வேண்டுகிறோம்.

தமிழ்ப் பெயர் மேலே, பெரிதாக இருக்கிறதா? பதிவு எண்கள் தெரிகின்றனவா? காலம் கடந்த தள்ளுபடி அட்டை இன்னும் தொங்குகிறதா? நோய் தீரும் என்ற வாசகம் எங்காவது உண்டா? கம்பெனிக்காரர் ஒட்டிய ஸ்டிக்கரில் நாம் படித்துப் பார்க்காதது எது? பலகையைத் தாங்கும் கம்பியும் ஆணியும் துருப்பிடித்திருக்கின்றனவா? பிறகு ஒவ்வொரு வாசகத்துக்கும் எதிரே ஒரே ஒரு கேள்வி: “இதை யாராவது கேட்டால், உள்ளே இருந்து எதை எடுத்துக் காட்டுவேன்?” கொள்முதல் பில்லோ, அனுமதிக் கடிதமோ, சரக்கோ காட்ட முடிந்தால் அந்தப் பலகை இருக்கட்டும். காட்ட முடியாததை அன்றே இறக்கிவிட வேண்டும்.

பெயர்ப் பலகைக்கும் எடை அளவுக்கும் பொட்டல விலைக்கும் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதிகாரிகள்தாம் சோதனைக்கு வருகிறார்கள். உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் வருவார். வாடிக்கையாளர் வழக்குப் போட நினைத்தால் கடலூரில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. இவர்கள் வருவதற்கு முன் நம் பலகையை நாமே சோதித்துவிட்டால் யாருக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

பெரிய அங்காடிகளோடும், செல்பேசியில் ஆர்டர் எடுத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறவர்களோடும் விலையில் போட்டியிட நம்மால் எப்போதும் முடிவதில்லை. ஆனால் “அண்ணாச்சி கடையில் எழுதியிருந்தால் அது அப்படியேதான் இருக்கும்” என்று ஒரு குடும்பத்தலைவி சொல்வாரானால், அதற்கு ஈடான முதல் எந்த வங்கியிலும் கடனாகக் கிடைக்காது. மில் எண்ணெயை மில் எண்ணெய் என்றே எழுதியவர் நஷ்டப்படாத பஜாராக நம் பஜாரை வைத்துக்கொள்வது நம் எல்லோருடைய கையிலும்தான் இருக்கிறது.